வீட்டிலேயே சோடா தண்ணீர்: கேஸ் ஏற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

சோடாவுக்கு வேண்டியவை தண்ணீரும் கரியமில வாயுவும் மட்டும்தான். ஆனாலும் வீட்டில் செய்யும் சோடா பல நேரம் ஏமாற்றிவிடுகிறது. ஊற்றும்போது புஸ்ஸென்று பொங்கும். இரண்டே நிமிடத்தில் வெறும் தண்ணீராகிவிடும். உடனே கருவியைக் குறை சொல்வோம், அல்லது கேஸ் சரியில்லை என்போம். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்: தண்ணீர் போதிய அளவு குளிர்ந்திருக்காது, அல்லது பாட்டிலுக்குள் காற்று மிஞ்சியிருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மிக எளிய கருவியிலும் நாக்கைச் சுண்டும் சோடா கிடைக்கும். அதனால் கருவிகளுக்குப் போகும் முன் தண்ணீருக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

எவ்வளவு கேஸ், எவ்வளவு அழுத்தம்

ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை கிராம் கரியமில வாயு கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே சோடாவின் காரம், அதாவது நாக்கைச் சுண்டும் விறுவிறுப்பு, அமைகிறது. பீரில் சுமார் 5 கிராம், கோலா பானங்களில் சுமார் 7 கிராம், நல்ல காரமான சோடாவில் 8 கிராம் அல்லது சற்றுக் கூடுதல். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'வால்யூம்' என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது 1 வால்யூம். எடையில் ஏறக்குறைய 2 கிராம். 8 கிராம் என்றால் 4 வால்யூம்.

வாயுவின் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அதே விகிதத்தில் அது தண்ணீரில் கரையும் என்பது 1803-ல் வில்லியம் ஹென்றி கண்டறிந்த விதி. தண்ணீர் சூடாக ஆக அதே அழுத்தத்தில் கரைவது குறைந்துகொண்டே போகும். லிட்டருக்கு 8 கிராம் வேண்டுமென்றால், ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து வரும் கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தும் கருவி) முள் காட்ட வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ இப்படி (பிஎஸ்ஐ, பார் இரண்டும் அழுத்தத்தின் அளவுகள்):

- 4 டிகிரி செல்சியஸ்: 25 பிஎஸ்ஐ (1.7 பார்)
- 10 டிகிரி: 35 பிஎஸ்ஐ (2.4 பார்)
- 20 டிகிரி: 52 பிஎஸ்ஐ (3.6 பார்)
- 30 டிகிரி: 74 பிஎஸ்ஐ (5.1 பார்)

30 டிகிரித் தண்ணீருக்கும் 4 டிகிரித் தண்ணீருக்கும் இடையே தேவைப்படும் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மாறுகிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் கேஸ் ஏற்றுகிறவர்கள் எத்தனை முறை அழுத்தினாலும் காரம் ஏறாததற்குக் காரணம் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கஷ்டப்பட்டு ஏற்றினாலும் மூடியைத் திறந்த கணத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

அடுத்தது காற்று. பாட்டிலின் கழுத்தில் காற்று இருக்கும்போதே மூடிக் கேஸ் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முள் 2 பார் காட்டுகிறது. வெளிக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே மொத்தம் 3 பார். அதில் 1 பார் வெறும் காற்றினுடையது. தண்ணீரில் கரைய வேண்டிய கரியமில வாயுவின் பங்கு 2 பார் மட்டுமே. காரத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. அதோடு முடியவில்லை. தண்ணீருக்குள் கரையும் காற்று மூடியைத் திறந்ததும் முதலில் வெளியே வரப் பார்க்கும். வரும்போது கரியமில வாயுவையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். திடீரென்று நுரை பொங்கி வழிவதற்குப் பெரும்பாலும் இந்தக் காற்றே காரணம்.

மூன்றாவது, குலுக்கல். கேஸ் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போக முடியும். அசையாமல் நிற்கும் பாட்டிலில் அந்தப் பரப்பு ஒரு சின்ன வட்டம் மட்டும். குலுக்கினால் ஆயிரக்கணக்கான குமிழ்களும் துளிகளும் உண்டாகிப் பரப்பு பல மடங்கு பெருகும். நாட்கணக்கில் நடக்க வேண்டியது ஒரு நிமிடத்தில் நடந்துவிடும்.

தண்ணீரைத் தயார் செய்தல்

கேஸ் ஏற்றினால் தண்ணீரின் வாசனைகள் தூக்கலாகத் தெரியும். குமிழ் உடையும்போது மூக்குக்கு நேரே வாசனையைக் கொண்டுவருவதால், சும்மா குடிக்கும்போது தெரியாத குளோரின் வாடை சோடாவில் பளிச்சென்று தெரியும். கார்பன் ஃபில்டர் வழியாக வந்த தண்ணீர் நல்லது. அது இல்லையென்றால் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவைக்கலாம். கொதிக்கும்போது குளோரினும் போகும், கரைந்திருக்கும் காற்றும் பெருமளவு வெளியேறும். சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் கலப்பார்கள். அது பாத்திரத்தில் திறந்து வைத்தால் போகாது. கார்பன் ஃபில்டர்தான் வழி.

தாது உப்புகளை முழுக்க நீக்கிய தண்ணீரில் செய்த சோடா நாக்கில் கூர்மையாகவும் வெறுமையாகவும் இருக்கும். மிகக் கடினமான தண்ணீர் மந்தமாக இருக்கும். இடைப்பட்டதே சுவை. உப்பு சேர்க்கும் அளவுகள் பின்னால் வருகின்றன.

தண்ணீரை முந்தைய இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இலக்கு 2 முதல் 4 டிகிரி. அவசரமென்றால் பாட்டிலை ஃப்ரீஸரில் வைத்து, ஓரத்தில் மெல்லிய பனித்தகடு கட்டத் தொடங்கும்போது எடுக்கலாம். ஆனால் கேஸ் ஏற்றும் நேரத்தில் உள்ளே பனித்துண்டு எதுவும் இருக்கக் கூடாது. பனியின் முனைகளில் குமிழ் கட்டி, திறக்கும்போது பொங்கும்.

எந்த முறை யாருக்கு

தினம் ஒன்றிரண்டு பாட்டில் போதும், வேலை சுலபமாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மேசைமேல் வைக்கும் சோடா மெஷின். எப்போதாவது விருந்தினர் வந்தால் மட்டும் என்றால் சைஃபன், அதாவது சின்னக் கேஸ் குப்பியைப் பொருத்திச் சோடா செய்யும் கெட்டியான பாட்டில். தினமும் பல லிட்டர் குடிக்கிறவர்கள், காரம் இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள விரும்புகிறவர்கள் பெரிய சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கலாம். எங்கள் சிபாரிசு இதற்கே. கேஸ் வீணாவது குறைவு, அழுத்தம் உங்கள் கையில், பாட்டிலுக்குக் குளிர்பானம் வந்த பழைய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலே போதும். சிலிண்டர் கிடைக்காத இடத்தில் சமையல் சோடாவும் சிட்ரிக் ஆசிடும் கொண்டு கேஸ் உண்டாக்கலாம். அதற்கு மிகுந்த கவனம் வேண்டும்.

சோடா மெஷின்

கருவியோடு வரும் பாட்டிலில், அதில் போட்டிருக்கும் கோடு வரை மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் கேஸ் விடும் முனை தண்ணீருக்குள் மூழ்காமல் கேஸ் வீணாகும். மேலே இருந்தால் தண்ணீர் வால்வுக்குள் ஏறும்.

பொத்தானை ஒரே அழுத்தாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு விநாடி அழுத்தி விட்டு, இரண்டு மூன்று விநாடி பொறுத்து மறுபடி அழுத்துங்கள். உள்ளே அழுத்தம் எல்லையைத் தொடும்போது பாதுகாப்பு வால்வு 'ர்ர்ர்' என்று சத்தமிடும். அந்தச் சத்தம் கேட்கும் நேரமெல்லாம் கேஸ் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. சத்தம் வந்ததும் விரலை எடுங்கள். சாதாரணக் காரத்துக்கு மூன்று அழுத்து, கூடுதல் காரத்துக்கு ஐந்து. பிறகு அழுத்தத்தை மெல்ல இறக்கிப் பாட்டிலைக் கழற்றி, இறுக மூடி, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பின் குடித்துப் பாருங்கள். குமிழ் பொடியாகி, காரம் தண்ணீரோடு ஒட்டியிருக்கும்.

இந்தக் கருவிகளின் சிறு சிலிண்டரில் பொதுவாக 400 கிராமுக்குச் சற்று மேல் கேஸ் இருக்கும். 60 லிட்டர் வரை வரும் என்று அட்டையில் போட்டிருந்தால் லிட்டருக்கு 7 கிராம்தான் கணக்கு, வால்வு வழியாக வீணாவதைச் சேர்க்காமல். காரமாகக் குடிக்கும் வீட்டில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தாலே நல்ல கணக்கு.

மெஷினில் தண்ணீர் தவிர வேறெதையும் ஏற்றாதீர்கள். பழச்சாறும் சர்க்கரையும் நுரைத்து வால்வுக்குள் ஏறி ஒட்டிக்கொள்ளும். வால்வு ஒட்டிக்கொண்டால் அழுத்தத்துக்கு வெளியேற வழியில்லை, அது ஆபத்து.

சைஃபன்

ஒரு லிட்டர் சைஃபனுக்கு 8 கிராம் கேஸ் அடைத்த சின்னக் குப்பி ஒன்று. குப்பியின் மேல் கரியமில வாயு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கிரீம் நுரைக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு குப்பியும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும் கேஸ் குப்பிகளையும் தவிர்க்கவும். அவை உணவுத் தரத்தில் நிரப்பப்பட்டவை அல்ல, எடையும் கூடுதல்.

சைஃபனையே ஒரு மணி நேரம் குளிரவைத்து, அளவுக் குழாய் காட்டும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, தலையைத் திருகி மூடி, குப்பியைப் பொருத்தவும். சுர்ரென்று கேஸ் இறங்கும்போதே குலுக்கத் தொடங்கி அரை நிமிடம் குலுக்குங்கள். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நன்றாக ஏறும். ஒரே குப்பிதான் என்பதால் லிட்டருக்கு முழு 8 கிராம் கிடைக்காது. கொஞ்சம் தண்ணீருக்கு மேலுள்ள இடத்தில் தங்கிவிடும். தண்ணீர் தீர்ந்த பின் சைஃபனை நேராக நிறுத்தி, நெம்பை அழுத்தி, மிச்ச கேஸ் முழுவதும் போனது உறுதியான பிறகே தலையைத் திருகித் திறக்க வேண்டும்.

சிலிண்டர், ரெகுலேட்டர், பெட் பாட்டில்

வாங்க வேண்டியவை: கரியமில வாயு சிலிண்டர் (2 முதல் 5 கிலோ வசதியான அளவு), அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டர், உள்விட்டம் 6 முதல் 8 மில்லிமீட்டர் உள்ள உணவுத்தரக் குழாய் ஒன்றரை மீட்டர், பால்லாக் எனப்படும் கேஸ் இணைப்பு ஒன்று, பெட் பாட்டிலின் வாயில் திருகும் கார்பனேஷன் மூடி, குழாய்ப் பட்டைகள், ஒரு ஸ்பேனர்.

சிலிண்டர் வால்வின் மரை நாட்டுக்கு நாடு மாறும். முதலில் சிலிண்டர், பிறகு அதன் மரைக்கேற்ற ரெகுலேட்டர் என்ற வரிசையில் வாங்குங்கள். ரெகுலேட்டரின் வெளி அழுத்தம் குறைந்தது 60 பிஎஸ்ஐ வரை போக வேண்டும். பீருக்கான சில ரெகுலேட்டர்கள் 30-உடன் நின்றுவிடும். பாதுகாப்பு வால்வும், தண்ணீர் பின்னால் ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வும் கட்டாயம். கேஸ் உணவு அல்லது பானத் தரம் என்று நிரப்புகிறவர் உறுதி சொல்ல வேண்டும். சிலிண்டரின் தோளில் சோதனைத் தேதி குத்தியிருக்கும். காலாவதியான சிலிண்டரை யாரும் நிரப்பித் தரக் கூடாது.

பாட்டில் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. கேஸ் அடைத்த குளிர்பானம் வந்த பெட் பாட்டில் மட்டும். அடியில் ஐந்து கால்கள் போல் மேடுபள்ளம் இருக்கும், சுவர் தடிமனாக இருக்கும். சாதாரணக் குடிநீர் வந்த மெல்லிய பாட்டில் வேண்டாம். கண்ணாடிப் பாட்டில் எதுவும் வேண்டாம். பெட் கிழியும், கண்ணாடி சிதறிக் கண்ணில் பாயும். வெந்நீரில் கழுவினால் பெட் சுருங்கி வலுவிழக்கும், அதனால் குளிர்ந்த நீரில் கழுவி, கவிழ்த்து உலர்த்துங்கள். வெள்ளைக் கோடு, மடிப்பு, ஆழமான கீறல் தெரிந்தால் தூக்கிப்போடுங்கள்.

முதல்முறை இணைக்கும்போது:

1. சிலிண்டரை நிமிர்த்தி, சாயாதபடி சுவரோடு சங்கிலியாலோ பட்டையாலோ கட்டுங்கள். படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் திரவம் அப்படியே ரெகுலேட்டருக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.
2. ரெகுலேட்டரின் மரைக்கு வாஷர் தேவையா என்று பாருங்கள். சிலவற்றில் வாஷர் உள்ளேயே பதிந்திருக்கும், சிலவற்றில் தனியாக வைக்க வேண்டும். சிலிண்டர் காலியாகக் காரணமாகும் கசிவுகளில் முதலிடம் இந்த வாஷருக்குத்தான்.
3. ரெகுலேட்டர் திருகை இடப்புறமாகத் திருப்பி முழுக்கத் தளர்த்துங்கள். பிறகு சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறக்கவும். முகத்தை ரெகுலேட்டருக்கு நேரே வைக்க வேண்டாம்.
4. திருகை வலப்புறம் திருப்பி 40 பிஎஸ்ஐக்குக் கொண்டுவாருங்கள்.
5. எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். நுரை குமிழிட்டால் கசிவு. பிறகு சிலிண்டர் வால்வை மூடி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் முள் அதே இடத்தில் நின்றால் கசிவில்லை.

சிலிண்டர் பக்கத்து மீட்டரைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை, 20 டிகிரியில் அது சுமார் 57 பார் என்றே காட்டும். திரவம் தீர்ந்ததும் கிடுகிடுவென்று இறங்கும். தராசில் நிறுத்திப் பார்ப்பது ஒன்றே வழி. காலி எடை சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும்.

கேஸ் ஏற்றும் படிகள், ஒரு லிட்டர் பாட்டிலுக்கு:

1. 4 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீர் 850 மில்லி ஊற்றுங்கள். குலுக்குவதற்கு இடம் வேண்டும். நிரம்ப ஊற்றினால் குலுக்க முடியாது, காரம் ஏறாது.
2. தண்ணீர் வாய்வரை ஏறும்படி பாட்டிலைப் பிதுக்கி, பிதுக்கியபடியே கார்பனேஷன் மூடியை இறுகத் திருகுங்கள். உள்ளே காற்று இருக்கக் கூடாது.
3. கேஸ் இணைப்பை மாட்டுங்கள். நசுங்கிய பாட்டில் படாரென்று நிமிர்ந்து கல்லாக இறுகும்.
4. இணைப்பைக் கழற்றாமல், பாட்டிலைப் படுக்கையாகப் பிடித்து வேகமாகக் குலுக்குங்கள். ரெகுலேட்டரில் கேஸ் ஓடும் சத்தம் கேட்கும். அது தண்ணீர் கேஸைக் குடிக்கும் சத்தம். 40 முதல் 60 விநாடியில் சத்தம் அடங்கும்.
5. இணைப்பைக் கழற்றி, பாட்டிலை ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வையுங்கள்.
6. மறுபடி இணைத்து 20 விநாடி குலுக்குங்கள். குலுக்கியதில் தண்ணீர் கொஞ்சம் சூடாகியிருக்கும்; குளிர்ந்த பிறகு இன்னும் கேஸ் வாங்கிக்கொள்ளும். காரமான சோடாவுக்கு இந்த இரண்டாம் சுற்று கட்டாயம்.
7. குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் நின்ற பின், மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்தி, சத்தம் அடங்கும்வரை பொறுத்துத் திறக்கவும்.

4 டிகிரியில் 25 பிஎஸ்ஐ போதும் என்று மேலே சொல்லிவிட்டு இங்கே 40 ஏன்? அந்த 25 என்பது தண்ணீரும் கேஸும் முழுச் சமநிலைக்கு வந்த பிறகான கணக்கு. ஒரு நிமிடக் குலுக்கலில் சமநிலை வராது. 40 வைத்தால் அந்த ஒரு நிமிடத்திலேயே 8 கிராமை நெருங்கிவிடலாம். 60-க்கு மேல் வைக்காதீர்கள். 60 வைத்தும் காரம் போதவில்லை என்றால் கோளாறு தண்ணீரின் சூட்டிலோ மிஞ்சிய காற்றிலோ இருக்கிறது.

ஒரு லிட்டருக்கு வீணாவதையும் சேர்த்து 10 கிராம் கேஸ் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ சிலிண்டரில் 450 முதல் 500 லிட்டர் சோடா.

இனி இதன் ஆபத்து. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, நிறமில்லை, மணமில்லை. 5 கிலோ கேஸ் முழுவதும் கசிந்தால் அறை வெப்பநிலையில் அது சுமார் 2.7 கனமீட்டர். நீள அகல உயரம் எல்லாம் 3 மீட்டர் உள்ள மூடிய அறையில் அது காற்றில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். 3 அல்லது 4 சதவீதத்திலேயே தலைவலி, மூச்சிரைப்பு வரும். 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆகவே படுக்கையறையிலும் நிலத்தடி அறையிலும் சிலிண்டர் வைக்கவே கூடாது. காற்றோட்டமான இடத்தில் வைத்து, வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். அறைக்குள் சிலிண்டர் நிரந்தரமாக இருக்கும் என்றால் கரியமில வாயு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தாழ்வாகப் பொருத்துங்கள். வெயிலில் நிறுத்திய காரில் சிலிண்டரை விட்டுச் செல்லாதீர்கள். 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவமே இருக்காது; அதற்குமேல் சூடு ஏற ஏற அழுத்தம் வெகுவேகமாக உயரும்.

சமையல் சோடாவும் சிட்ரிக் ஆசிடும்

தண்ணீரிலேயே இரண்டையும் கலந்து குடிப்பது வேறு, இங்கே சொல்லும் முறை வேறு. நேரடியாகக் கலந்தால், லிட்டருக்கு 7 கிராம் கேஸ் பெற 13 கிராமுக்கு மேல் சமையல் சோடா வேண்டும். அதில் மட்டும் 3.6 கிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குடிக்கவும் உப்புக் கரிக்கும். ஆகவே கேஸை ஒரு பாட்டிலில் உண்டாக்கி, குழாய் வழியாக இன்னொரு பாட்டிலில் இருக்கும் தண்ணீருக்குள் அனுப்ப வேண்டும்.

இதற்கான இரட்டை மூடித் தொகுப்பில் அழுத்த மீட்டர், அடைப்பு வால்வு, பாதுகாப்பு வால்வு மூன்றும் இருக்க வேண்டும். மூடியில் ஓட்டை போட்டுப் பசை ஒட்டும் வேலை இதற்கு ஆகாது.

அளவு: ஒரு லிட்டர் வாயு பாட்டிலில் 150 மில்லி தண்ணீர், 16 கிராம் சிட்ரிக் ஆசிட், 20 கிராம் சமையல் சோடா. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 800 மில்லி குளிர்ந்த தண்ணீர்.

இந்த அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 20 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிந்தால் சுமார் 10.5 கிராம் கேஸ், அதாவது அறை வெப்பநிலையில் ஐந்தரை லிட்டருக்கு மேல். குழாய் அடைத்துக்கொண்டு அத்தனையும் வாயு பாட்டிலுக்குள்ளேயே சிக்கினாலும் அழுத்தம் 6 பாரைச் சுற்றியே நிற்கும்; நல்ல நிலையில் உள்ள குளிர்பானப் பாட்டில் அதைத் தாங்கும். அளவை இரட்டிப்பாக்கினால் அதே அடைப்பில் அழுத்தம் 12 பாரை நெருங்கும், பாட்டில் வெடிக்கக்கூடிய இடம் அது. 200 கிராம் போடச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம்.

வாயு பாட்டிலில் சிட்ரிக் ஆசிடைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சமையல் சோடாவை மெல்லிய டிஷ்யூ தாளில் சுருட்டிக் குழல் போல் ஆக்கினால் மூடியைத் திருகுவதற்கு நேரம் கிடைக்கும். தண்ணீர் பாட்டிலைப் பிதுக்கி மூடி, குழாயை இணைத்து, அடைப்பு வால்வைத் திறந்து வையுங்கள். பிறகு தாள் குழலை உள்ளே இறக்கி உடனே மூடுங்கள். முதலில் வருவது வாயு பாட்டிலில் இருந்த காற்று கலந்த கேஸ். தண்ணீர் பாட்டில் உப்பியதும் வால்வை அடைத்து, அதன் மூடியைத் தளர்த்தி, பிதுக்கி வெளியேற்றி, மறுபடி இறுக்குங்கள். வால்வை அடைத்திருக்கும் அந்த நேரத்தில் வாயு பாட்டிலைக் குலுக்க வேண்டாம். இனி வால்வைத் திறந்து, வாயு பாட்டிலை மெல்லச் சுழற்றி, தண்ணீர் பாட்டிலை வேகமாகக் குலுக்குங்கள். வாயு பாட்டிலைச் சாய்த்தால் உப்பு நுரை குழாயில் ஏறிச் சோடாவைக் கெடுக்கும்.

இதில் 8 கிராம் காரத்தை எதிர்பார்க்க முடியாது. 5, 6 கிராம் கிடைக்கும். மென்மையான சோடா, ஆனால் நல்ல சோடா.

உலர் பனிக்கட்டியை (உறைந்து திடமான கரியமில வாயுவை) மூடிய பாட்டிலில் போடும் முறை ஒன்றும் சுற்றிவருகிறது. செய்யவே கூடாது. ஒரு கிலோ உலர் பனி ஐந்நூறு லிட்டருக்கு மேல் கேஸாக விரியும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த எந்த வழியும் இல்லை.

கெக்கில் மொத்தமாக

19 லிட்டர் எஃகு கெக்கில் (பானத்தை அழுத்தத்தில் வைக்கும் உருளைக் கலத்தில்) குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, காற்றை மூன்று முறை கேஸால் வெளியேற்றி, 4 டிகிரியில் 30 பிஎஸ்ஐயில் இணைத்து ஒரு வாரம் விட்டால் குலுக்காமலே காரம் ஏறிவிடும். சிக்கல், சோடாவைக் குழாயில் பிடிக்கும்போதுதான். அந்த அழுத்தத்தில் குட்டைக் குழாய் வழியாக வந்தால் வெறும் நுரைதான் வரும். உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த குழாய் 8 அல்லது 9 மீட்டர் நீளம் இருந்தால் உராய்வில் அழுத்தம் படிப்படியாக இறங்கும். சோடா படும் பாதையில் செம்போ பித்தளையோ இருக்கக் கூடாது. கேஸ் கரைந்த தண்ணீர் அமிலம். செம்பைக் கரைத்து வயிற்றைக் குமட்டவைக்கும். எஃகும் உணவுத்தரப் பிளாஸ்டிக்கும் மட்டும்.

சரியாக வராதபோது

சோடா காரமில்லாமல் இருந்தால் முதலில் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவில் வைத்த தண்ணீர் பல நேரம் 8, 9 டிகிரியில் இருக்கும். பின் வரிசையில் வையுங்கள்.

திறந்ததும் பொங்கினால் காற்று சரியாக வெளியேறவில்லை, அல்லது குலுக்கிய உடனே திறந்திருக்கிறீர்கள். குமிழ் பெரிது பெரிதாக வந்து சீக்கிரம் அடங்கினால் ஓய்வு நேரம் போதவில்லை. பாட்டில் ஃபிரிட்ஜிலேயே மெல்ல மெல்லத் தளர்ந்தால் மூடியின் ரப்பர் வளையத்தையோ வால்வையோ பாருங்கள்; தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். பெட் சுவர் வழியாகவே கேஸ் வாரக்கணக்கில் கசியும் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்துவைக்க வேண்டாம்.

ரெகுலேட்டரில் வைத்த அழுத்தம் தானாகவே ஏறிக்கொண்டு போனால் அதன் உள் வால்வு தேய்ந்துவிட்டது. உடனே சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைப் பழுதுபார்க்கக் கொடுங்கள்.

உப்பும் சுவையும்

5 கிராம் சமையல் சோடாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 10 மில்லி சேர்த்தால் அரை கிராம் போகும். காரத்தின் கூர்மை மழுங்கி, உருண்டையான சுவை வரும். சோடியம் குறைக்க வேண்டியவர்கள் பொட்டாசியம் பைகார்பனேட் பயன்படுத்தலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். கால்சியம் வேண்டுமென்றால் உணவுத்தரக் கால்சியம் கார்பனேட் பொடி லிட்டருக்கு 0.2 கிராம். சாதாரணத் தண்ணீரில் அது கரையாமல் அடியில் தங்கும். கேஸ் ஏற்றிய தண்ணீரில் ஒரு நாளில் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்து தெளியும். பொடியைக் கேஸ் ஏற்றும் முன்பே போட்டுவிடுங்கள். ஏறிய பிறகு போட்டால் பொங்கும்.

பழச்சாறு, சர்க்கரைப் பாகு, உப்பு எல்லாம் கேஸ் ஏறிய பிறகு, அதுவும் டம்ளரில். பாகை முதலில் ஊற்றி, டம்ளரைச் சாய்த்து, ஓரமாகச் சோடாவை விட்டு, கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து தூக்கிக் கலந்தால் போதும். பனிக்கட்டி போடுவதாக இருந்தால் அதைத் தண்ணீரில் ஒரு முறை அலசிப் போடுங்கள். ஃப்ரீஸரிலிருந்து அப்படியே வந்த கட்டியின் சொரசொரப்பான முகத்தில் குமிழ் கட்டி, பாதி கேஸ் டம்ளரிலேயே போய்விடும்.

பாட்டிலில் பாதி மிஞ்சினால் பலரும் அதைப் பிதுக்கி மூடிவைக்கிறார்கள். நசுங்கிய பாட்டில் நிமிர்வதற்குத் தேவையான கேஸைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும், காரம் இறங்கிவிடும். கார்பனேஷன் மூடி இருந்தால் காற்றைப் பிதுக்கிய கையோடு 30 பிஎஸ்ஐயில் ஒரு நொடி கேஸ் விட்டு, இறுகிய பாட்டிலாக ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளும் அதே காரம் இருக்கும்.